கணவர் மலேசியர், மனைவி இந்தியர்: பினாங்கில் ஸ்பவுஸ் விசா எடுப்பது எப்படி?

திருச்சியில் கல்யாணம் முடிந்து நான் பட்டர்வொர்த்துக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. கோயிலிலோ பாசாரிலோ யாராவது ஒரு புது மருமகள் என்னிடம் கேட்டுவிடுவாள்: “அக்கா, வந்து ரெண்டு வாரமாச்சு, விசாவுக்கு எங்க போகணும்?” உன் பாஸ்போர்ட் எங்கே என்று திருப்பிக் கேட்டால், “அவர்கிட்டதான் இருக்கு” என்பாள். கல்யாணப் பதிவு ஆகிவிட்டதா என்றால், “அவருக்குத்தான் தெரியும்.” அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. இந்த நாட்டில் நீங்கள் இருப்பதற்கான ஆதாரமே அந்தத் தாள்கள்தான். அவற்றைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர் நீங்கள்.

நாம் ஸ்பவுஸ் விசா என்று சொல்வதன் உண்மையான பெயர் நீண்டகால சமூக வருகை பாஸ். மலாயில் பாஸ் லவாத்தான் சோசியல் ஜங்கா பாஞ்சாங். மலேசியக் குடிமகனின் மனைவிக்கோ, குடிமகளின் கணவருக்கோ குடிநுழைவுத் துறை தருவது. இது பிஆர் எனப்படும் நிரந்தர வசிப்புரிமை அல்ல, குடியுரிமையும் அல்ல. நாட்டில் தங்குவதற்கான அனுமதி, அவ்வளவுதான்.

முதல் படி: கல்யாணத்தை மலேசியாவில் பதிவு செய்யுங்கள்

பெரும்பாலான சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கு மலேசியாவில் 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 1982 மார்ச் 1 முதல் அது நடப்பில் உள்ளது. அதன்படி கோயிலில் ஐயர் மந்திரம் சொல்லித் தாலி கட்டியது மட்டும் சட்டப்படி கல்யாணம் ஆகாது. பதிவு இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கல்யாணம் செய்தவர்கள் முதலில் அங்கேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கேயும் பதிவு கட்டாயம். கல்யாணமான 90 நாளுக்குள் செய்ய வேண்டும். அந்தச் சான்றிதழை இந்திய வெளியுறவு அமைச்சிடம் கொடுத்துச் சான்றுறுதி வாங்கி, சென்னையில் இருக்கும் மலேசியத் துணைத் தூதரகத்தின் முத்திரையையும் பெற்றுக்கொள்ளுங்கள். இதை ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். இங்கே வந்தபின் ஒரு முத்திரைக்காக அப்பாவையோ தம்பியையோ சென்னைக்கு அலையவிடுவது பெரும் பாடு.

அடுத்தது மலேசியப் பதிவு. வெளிநாட்டில் கல்யாணம் செய்த மலேசியர், ஆறு மாதத்துக்குள் அதை மலேசியத் தூதரகத்திலோ, நாடு திரும்பிவிட்டால் இங்குள்ள தேசியப் பதிவுத் துறையிலோ பதிய வேண்டும். எல்லோரும் ஜேபிஎன் என்று சொல்வது இந்தத் துறையைத்தான். ஆறு மாதம் தாண்டினால் தாமதப் பதிவு, அபராதம், கூடுதல் விளக்கம் என்று இழுக்கும்.

பினாங்கிலேயே கல்யாணம் செய்வதாக இருந்தால், ஜேபிஎன்னிலோ, உதவிப் பதிவாளர் இருக்கும் கோயிலிலோ பதிந்துகொள்ளலாம். அதற்கு முன் இங்கே ஏழு நாளாவது தங்கியிருக்க வேண்டும். 21 நாள் அறிவிப்பும் உண்டு. உங்களுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகவில்லை என்பதற்கு உங்கள் நாட்டின் சான்றும் வேண்டும். முஸ்லிம் குடும்பங்களுக்கு வழி வேறு. மாநில இஸ்லாமிய சமய இலாகாதான் அவர்களுக்கு அனுமதியும் பதிவும் தரும்.

இரண்டாவது படி: பெயரைச் சரிபாருங்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் அடிபட்ட இடம் இது.

நம் ஊரில் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதல் எழுத்தைப் போடுகிறோம். பள்ளிச் சான்றிதழில் எஸ். கவிதா. பாஸ்போர்ட்டில் அந்த எஸ் விரிந்து கவிதா செல்வராஜ் ஆகிவிடும். கல்யாணப் பத்திரத்தில் யாரோ செ. கவிதா என்று எழுதியிருப்பார்கள். மலேசியத் தமிழர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களின் அடையாள அட்டையான ஐசியில் அப்பா பெயருக்கு முன்னால் ஏ/எல் அல்லது ஏ/பி, அதாவது அனாக் லெலாக்கி, அனாக் பெரம்புவான் என்று தெளிவாக இருக்கும். அதைப் பார்த்தே பழகிய அதிகாரிக்கு எஸ். கவிதாவும் கவிதா செல்வராஜும் இரண்டு பெண்கள். அவரைக் குறை சொல்ல முடியாது.

என் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டு, பாஸ்போர்ட்டில் வேறு. ஒரே ஒரு ஆங்கில எழுத்து வித்தியாசம். கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்று வேலைக்கு லீவு போட்டு வந்திருந்த கணவர் கார் ஓட்டிக்கொண்டே ஒன்றும் பேசாமல் வந்தார். நான் வழியெல்லாம் அழுதேன்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் மூன்றையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து, உங்கள் பெயரையும் அப்பா பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர்தான் மூலம். கல்யாணப் பதிவு இன்னும் ஆகவில்லை என்றால், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே அதில் எழுதச் சொல்லுங்கள். வித்தியாசம் ஏற்கெனவே விழுந்துவிட்டதா? முடிந்தால் ஊரிலேயே திருத்துங்கள். முடியாவிட்டால் இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன் ஒரு சுராட் அகுவான், அதாவது உறுதிமொழிப் பத்திரம் எடுத்து இணையுங்கள்.

இன்னொன்று. கல்யாணமானதும் கணவர் பெயரைச் சேர்த்துப் புது பாஸ்போர்ட் எடுக்கும் ஆசை பலருக்கும் இருக்கும். பாஸ் கைக்கு வரும்வரை வேண்டாம். நடுவில் பெயர் மாறினால் முன்பு வாங்கிய எல்லாத் தாளும் பழைய பெயரில் நிற்கும்.

மூன்றாவது படி: எப்படி நுழைகிறீர்கள்?

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை வந்து தங்கலாம் என்று மலேசியா அறிவித்தது. வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை மட்டும் இணையத்தில் நிரப்ப வேண்டும். இது வசதிதான். ஆனால் 30 நாள் கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். கல்யாணப் பதிவே முடியாமல் இந்த வழியில் வந்து மாட்டிக்கொள்ளாதீர்கள். கணவர் முன்கூட்டியே குடிநுழைவுத் துறையில் விண்ணப்பித்து ஒப்புதல் கடிதம் வாங்கி, அதைக் காட்டி நீங்கள் ஊரில் எடுக்கும் ஒரு விசா இருக்கிறது. விசா டெங்ஙான் ருஜுக்கான் என்று பெயர். கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தாலும் என் ஓட்டு அதற்குத்தான்.

எந்த வழியில் வந்தாலும் பாஸ்போர்ட்டில் குத்திய தேதியைத் தாண்டி ஒரு நாள்கூட இருக்காதீர்கள். அனுமதிக் காலம் கடந்து தங்குவதற்குச் சட்டத்தில் 10,000 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) குறையாத அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை அல்லது இரண்டுமே உண்டு. மலேசியரைக் கட்டியவர் என்பதற்காக விலக்கு கிடையாது.

நான்காவது படி: கோப்பு

கணவர் வசிக்கும் மாநிலத்தின் குடிநுழைவு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் போனது செபராங் ஜெயாவுக்கு. முன்பதிவை இணையத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோப்பில் இருக்க வேண்டியவை: ஐஎம்எம்.12 விண்ணப்பப் படிவம், கணவர் கையெழுத்திட்ட விண்ணப்பக் கடிதம், பாஸ்போர்ட் அளவுப் படங்கள். உங்கள் பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களும், வெற்றுப் பக்கம் உட்பட, போட்டோஸ்டேட். கணவரின் ஐசி, பிறப்புச் சான்றிதழ். மலேசியத் திருமணப் பதிவுச் சான்றிதழ். வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கை. வீட்டு முகவரிக்குத் தண்ணீர் அல்லது மின்சார பில். குழந்தை இருந்தால் அதன் பிறப்புச் சான்றிதழ். கல்யாணப் படங்களில் ஐந்தாறு, முக்கியமாக இரண்டு குடும்பமும் சேர்ந்து நிற்பவை. தமிழில் மட்டும் உள்ள சான்றிதழுக்குச் சான்றளிக்கப்பட்ட மலாய் அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இவை தவிர பிணைப் பத்திரம் ஒன்று உண்டு. அதற்கு வருமான வரி வாரியத்தின் 10 வெள்ளி முத்திரை வேண்டும்.

எல்லாவற்றிலும் இரண்டு செட் எடுங்கள். ஒன்று கவுண்டருக்கு. இன்னொன்று உங்களுக்கு, உங்கள் பெட்டியில், உங்கள் சாவியில். கணவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். அவருக்குத் திடீரென்று உடம்பு சரியில்லாமல் போனால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

ஐந்தாவது படி: நேரில் போகும் நாள்

இருவரும் சேர்ந்தே போக வேண்டும். காலணி, தோளும் முழங்காலும் மூடிய உடை. சுடிதார் போதும். சிலிப்பர் வேண்டாம். அசல் தாள்கள் எல்லாம் கையில் இருக்கட்டும்.

இருவரையும் ஒன்றாகவோ தனித்தனியாகவோ கேள்வி கேட்கலாம். எப்படிச் சந்தித்தீர்கள், எப்போது கல்யாணம், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், கணவருக்கு எங்கே வேலை. பயப்பட ஒன்றுமில்லை, உண்மையைச் சொன்னால் போதும். மலாய் தெரியாதவர்கள் நாலு சொல்லாவது கற்றுக்கொண்டு போங்கள். நாமா என்றால் பெயர், அலாமாட் என்றால் முகவரி, பிலா காவின் என்றால் எப்போது கல்யாணம். கணவரே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

கட்டணம் பாஸுக்கு ஆண்டுக்கு 90 வெள்ளி. அது தவிர உங்கள் நாட்டைப் பொறுத்து விசாக் கட்டணம். ஏஜெண்டுக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டியதில்லை. அவர் எடுத்துக்கொடுத்தாலும் கவுண்டரில் நிற்கப்போவது நீங்கள் இருவரும்தான்.

பாஸ் கிடைத்த பிறகு

முதல் முறை குறைந்த காலத்துக்குத்தான் தருவார்கள், எனக்கு ஒரு வருடம். அப்புறம் ஐந்து ஆண்டு வரை நீட்டிக்கலாம். உங்கள் பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதியைத் தாண்டி பாஸ் தரமாட்டார்கள், ஆகவே பாஸ்போர்ட்டை முதலில் புதுப்பியுங்கள். பாஸைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் கணவர் கூட வர வேண்டும். முடிவதற்கு மூன்று மாதம் முன்பே நாள் குறித்து அவரிடம் சொல்லிவையுங்கள்.

வேலை செய்ய நினைப்பவர்கள் பாஸில் அச்சிட்டிருக்கும் வரியைப் படியுங்கள். வேலை கூடாது என்று இருந்தால், வேலை தரும் இடத்தின் கடிதத்தோடு குடிநுழைவுத் துறையில் தனி அனுமதி வாங்கிய பிறகே சேர வேண்டும். தெரிந்தவர் கடைதானே என்று போய் உட்காராதீர்கள்.

இந்தப் பாஸில் ஐந்து ஆண்டு தொடர்ந்து இருந்த பிறகு பிஆருக்கு, அதாவது சிவப்பு ஐசிக்கு விண்ணப்பிக்கலாம். அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழியைக் குடிமகனின் மனைவிக்குத் தருகிறது. மலேசியப் பெண்ணைக் கட்டிய கணவருக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. அந்த வீடுகளின் கஷ்டம் நம்முடையதைவிடப் பெரிது.

பிஆருக்குப் போகும்போது அந்த ஐந்து ஆண்டையும் நீங்கள்தான் காட்ட வேண்டும். காலாவதியான பாஸ்போர்ட், பழைய பாஸ், கட்டண ரசீது எதையும் தூக்கிப் போடாமல் அதே பெட்டியில் வரிசையாகப் போட்டுவையுங்கள்.