ஏர் பிஸ்டல் பழக ஆரம்பிக்கிறவர்களுக்கு: பழசு வாங்குவது முதல் அட்டையில் சுடுவது வரை

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கினார். சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து கலப்பு அணிப் பிரிவில் இன்னொரு வெண்கலம். அதே கலப்பு அணிப் போட்டியில் வெள்ளி வாங்கிய துருக்கிக்காரர் யூசுப் டிகெச், பாக்கெட்டில் கைவிட்டபடி சுட்ட படம் உலகம் முழுக்கச் சுற்றியது. இதையெல்லாம் பார்த்துவிட்டு ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சிக்கூடத்துக்கு) வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தப் பிஸ்டல் வாங்கலாம்?" என்றுதான். பிஸ்டல் இரண்டாவது விஷயம். ஆரம்பத்தில் பாயிண்ட் வருவது சைட்டை (குழாயின் முன்னும் பின்னும் இருக்கும் குறிகாட்டியை) பார்க்கும் கண்ணிலிருந்தும் டிரிக்கர் அழுத்தும் விரலிலிருந்தும். அந்த இரண்டையும் பெல்லட்டே (ஈயக் குண்டே) இல்லாமல் பழகலாம். ஆனாலும் கேள்வி பிஸ்டலைப் பற்றி என்பதால் அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

படி 1: சட்டம் என்ன சொல்கிறது

இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. (.177) குழாயும் 20 ஜூலுக்கு மேல் போகாத சக்தியும் உள்ள ஏர் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம். போட்டிப் பிஸ்டல் இந்த வரம்புக்குப் பக்கத்தில்கூட வராது. அரை கிராம் பெல்லட் விநாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்தால் ஆறு ஜூலுக்கும் குறைவுதான். கடையில் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். இன்னொருவரிடம் பழசாக வாங்கினாலும் பழைய பில்லோடு, விற்றதாக எழுதிய ஒரு கடிதத்தையும் கேட்டு வாங்குவது நல்லது.

லைசென்ஸ் வேண்டாம் என்பதற்காகப் பையிலிருந்து எடுத்து நண்பர்களுக்குக் காட்டிக்கொண்டிருக்காதீர்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது ஏர் பிஸ்டல் என்று தெரியாது. வீட்டிலிருந்து ரேஞ்ச் வரை பூட்டிய பெட்டியிலேயே இருக்கட்டும்.

படி 2: பழசா, புதுசா?

முதல் சில மாதங்களுக்குக் கிளப் பிஸ்டலே போதும். அதற்குள் இந்த விளையாட்டு பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். பிடித்துப்போய் வாங்கப் போகிறீர்கள் என்றால், எந்தக் காலத்துப் பிஸ்டல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

பழைய ஸ்பிரிங் வகையில் சேகரிப்பவர்கள் தேடிப்போவது ஃபைன்வெர்க்பாவ் 65. பெயரிலேயே இருக்கிறபடி 1965-இல் வந்தது. பக்கவாட்டு லீவரை இழுத்துக் கொக்கி மாட்ட வேண்டும். சுடும்போது உள்ளே இருக்கும் இயந்திரம் தண்டவாளத்தில் சறுக்குவதுபோலப் பின்னால் நகர்ந்து, பிஸ்டனின் உதையைக் கைக்குத் தெரியாமல் விழுங்கிவிடும். அந்தக் காலத்துக்கு அது பெரிய மூளை வேலை. இன்றைக்கும் நல்ல நிலையில் உள்ள ஒன்றைக் கையில் எடுத்தால் வைக்க மனசு வராது. சிக்கல் உள்ளே காற்று கசியாமல் அடைக்கும் சீல். 1960, 70-களில் வந்த பல ஜெர்மன் ஸ்பிரிங் துப்பாக்கிகளின் செயற்கை சீல்கள், சுடாமல் வைத்திருந்தாலும் வயதாகி உதிர்ந்துபோகும். குழாயிலிருந்து பழுப்புத் துகள் கொட்டினால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். புது சீல் போடலாம். ஆனால் அந்த ஸ்பிரிங்கைத் திறப்பது பழகியவர் செய்யவேண்டிய வேலை. அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் முகத்துக்கு நேராகத் தெறிக்கும்.

அடுத்தது ஒரே தடவை லீவர் அடித்துக் காற்றைச் சேர்க்கும் வகை. ரஷ்யாவின் இஷெவ்ஸ்கில் செய்த பைக்கால் 46எம் இதில் பேர் போனது. அழகெல்லாம் பார்க்கக் கூடாது, சுடுவதில் குறை சொல்ல முடியாது. வாங்கும்போது இப்படிச் சோதியுங்கள்: காற்று ஏற்றிப் பெல்லட் போட்டு உடனே ஒன்று சுடுங்கள். அடுத்ததைக் காற்று ஏற்றி ஒரு நிமிடம் பொறுத்துச் சுடுங்கள். இரண்டாவது வெடி மந்தமாகக் கேட்டால் காற்று கசிகிறது. பெரும்பாலும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மாற்றினால் சரியாகிவிடும்.

1980-களில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் பிஸ்டல்கள் ஓங்கியிருந்தன. நம் வெயிலுக்கு இதை நான் சிபாரிசு செய்வதில்லை. 31 டிகிரிக்கு மேல் அந்த வாயு திரவமாகவே நிற்காது. அழுத்தம் ஏற ஏற வேகம் மாறும், அளவுக்கு மீறி நிரப்பிய சிலிண்டர் ஆபத்து. சேகரிப்புக்கு வாங்கி அலமாரியில் வைக்கலாம்.

இன்றைய போட்டிப் பிஸ்டல்கள் எல்லாமே அழுத்தக் காற்று வகை: ஸ்டையர் எல்பி10, மோரினி 162, வால்தர் எல்பி500, ஃபைன்வெர்க்பாவ் பி8எக்ஸ், பர்தீனி கே12. பிஸ்டலில் மாட்டியிருக்கும் சிலிண்டரில் வழக்கமாக 200 பார் அழுத்தம் வரை காற்று நிரப்புவார்கள். இவற்றில் எதைப் பழசாக வாங்கினாலும் முதலில் பார்க்கவேண்டியது பிஸ்டலை அல்ல, சிலிண்டரில் அடித்திருக்கும் தேதியை. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சிலிண்டருக்கு 10 ஆண்டு என்று ஆயுள் சொல்கிறார்கள், போட்டியில் தேதி தாண்டிய சிலிண்டருக்குப் பொறுப்பு சுடுபவருடையது. "பிஸ்டல் புதுசு மாதிரி இருக்கு, பாதி விலை" என்று யாராவது சொன்னால், புது சிலிண்டர் விலையையும் கூட்டிப் பாருங்கள். அப்புறம், நிரப்புவது சாதாரண சுத்தக் காற்று மட்டும்தான். ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்தில் கிடைக்கிறதே என்று கை வைக்கவே கூடாது. கிரீஸும் அழுத்த ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும்.

படி 3: கைப்பிடியைக் கைக்கு ஏற்றபடி செய்வது

பழைய பிஸ்டலைச் சீர்செய்வதில் ஆரம்பநிலைக்காரர் துணிந்து தொடக்கூடிய இடம் இதுதான். மரப்பிடி சிறிது, நடுத்தரம், பெரிது என்று வரும். எதுவும் உங்கள் கைக்கு முழுதாகப் பொருந்தாது. உள்ளங்கையில் கொஞ்சம் சாயப்பொடி தடவிப் பிடித்துப் பாருங்கள். பொடி ஒட்டாத இடத்தில் கை படவில்லை. அங்கே தச்சர்கள் விரிசல் அடைக்கும் புட்டியோ எம்-சீலோ வைத்து, காய்வதற்குள் பிடித்து அச்சு எடுங்கள். அழுத்தி வலிக்கிற இடத்தை உப்புத்தாளால் தேயுங்கள். தேய்ப்பதைச் சிறுகச் சிறுகச் செய்யுங்கள், ஒரே நாளில் முடிக்கவேண்டாம்.

எது சரியான பிடி? கண்ணை மூடிப் பிஸ்டலைத் தூக்கிக் கண்ணைத் திறந்தால், மணிக்கட்டைத் திருகாமலே இரண்டு சைட்டும் நேராகத் தெரியவேண்டும். போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால், பிடி மணிக்கட்டுக்கு மேல் ஏறித் தாங்கக் கூடாது. பிஸ்டல் 420 x 200 x 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்கவேண்டும். எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது.

படி 4: யாரும் விட்டுக்கொடுக்காத விதிகள்

குழாய் எப்போதும் டார்கெட் பக்கம். சைட் டார்கெட்டுக்கு வரும்வரை விரல் டிரிக்கருக்கு வெளியே. சுடாத நேரத்தில் குழாய்க்குள் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சேஃப்டி ஃப்ளாக் (நீளமான பிளாஸ்டிக் இழை) போட்டு, உள்ளே பெல்லட் இல்லை என்று பக்கத்துக்காரருக்கும் தெரியும்படி வையுங்கள். "ஸ்டாப்" என்ற குரல் கேட்டால், டிரிக்கரில் பாதி அழுத்தியிருந்தாலும் இறக்கிவிடவேண்டும். ஈயம் தெறித்துத் திரும்பலாம் என்பதால் கண்ணாடி கட்டாயம்.

படி 5: நிற்பது

டார்கெட்டுக்குக் கிட்டத்தட்டப் பக்கவாட்டில், தோள் அகலத்துக்குக் கால் வைத்து நில்லுங்கள். ஒரு கையால்தான் சுடவேண்டும். மற்றக் கை சும்மா தொங்கினால் தோள் ஆடும். அதனால்தான் பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ மாட்டுகிறார்கள். டிகெச் செய்தது அலட்சியமும் இல்லை, ஸ்டைலும் இல்லை. எந்த ரேஞ்சுக்குப் போனாலும் பிஸ்டல் வரிசை முழுக்க அப்படித்தான் நிற்கும்.

கண்ணை மூடிக் கையைத் தூக்குங்கள். இரண்டு மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். பிஸ்டல் டார்கெட்டுக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ போயிருந்தால், கையை இழுத்துக் கொண்டுவராதீர்கள். பின்காலை நகர்த்துங்கள். தசையால் இழுத்த கை டிரிக்கர் விழும் நேரத்தில் பழைய இடத்துக்கே ஓடிவிடும்.

படி 6: சைட்டைப் பார், டார்கெட்டைப் பார்க்காதே

இங்கே கொஞ்சம் கணக்குப் போடவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரண்ட் சைட்டுக்கும் ரியர் சைட்டுக்கும் நடுவில் சுமார் 33 செ.மீ. டார்கெட் 10 மீட்டரில், அதாவது 30 மடங்கு தூரத்தில். கை முழுதாக ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் ஆடினால் பெல்லட்டும் ஒரு மில்லிமீட்டர்தான் தள்ளிப் போகும். ஆனால் மணிக்கட்டு வளைந்து ஃப்ரண்ட் சைட் மட்டும் ஒரு மில்லிமீட்டர் விலகினால் பெல்லட் 30 மி.மீ. தள்ளிப் போகும்.

பத்துப் பாயிண்ட் தரும் நடு வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. பெல்லட் விளிம்பு கோட்டைத் தொட்டாலே கணக்கில் சேரும் என்பதால், நடுவிலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் பத்து. அதற்கப்புறம் ஒவ்வொரு 8 மி.மீ.க்கும் ஒரு பாயிண்ட் குறையும். முதல் வகை ஆட்டத்தில் இன்னும் பத்துதான். இரண்டாவதில் ஏழு. கை நடுங்குகிறதே என்று கவலைப்படுகிறவர்கள் எல்லாரும் தப்பான எதிரியோடு சண்டை போடுகிறார்கள். கை எல்லாருக்கும் ஆடும், ஒலிம்பிக் பதக்கக்காரருக்கும் ஆடும். இரண்டு சைட்டும் ஒன்றுக்கொன்று நேராக இருந்தால் அந்த ஆட்டம் அவ்வளவாகப் பாதிக்காது.

எனவே கண்ணின் கூர்மை முழுக்க ஃப்ரண்ட் சைட்டில் இருக்கட்டும். ரியர் சைட்டின் வெட்டுக்குள் அது நிற்கும்போது இரண்டு பக்கமும் சமமான வெளிச்சம் தெரியவேண்டும், மேல்மட்டம் ஒரே கோட்டில் இருக்கவேண்டும். டார்கெட் மங்கலாகத் தெரியும். மங்கலாகத்தான் தெரியவேண்டும். கருப்பு வட்டத்தின் நடுவில் குறி வைக்கவேண்டாம். கருப்பில் கருப்பு சைட் கரைந்துவிடும். வட்டத்துக்குக் கீழே இருக்கும் வெள்ளையில் சைட்டை நிறுத்துங்கள். பெல்லட் நடுவுக்குப் போகும்படி ரியர் சைட்டைத் திருகிக்கொண்டால் ஆயிற்று.

படி 7: டிரிக்கர்

போட்டி விதிப்படி டிரிக்கர் எடை குறைந்தது 500 கிராம். குழாயை மேல்நோக்கி வைத்து 500 கிராம் எடையை டிரிக்கரில் மாட்டித் தூக்குவார்கள். அது விழாமல் தாங்கவேண்டும். பெரும்பாலான டிரிக்கர்களில் இரண்டு கட்டம் உண்டு: முதலில் லேசாக நகரும், அப்புறம் தடுத்து நிற்கும். டார்கெட்டுக்கு மேலே தூக்கிய கையை இறக்கி, சைட் டார்கெட்டுக்கு வந்ததுமே முதல் கட்டத்தை எடுத்துவிடுங்கள். சைட் நின்றதும் இரண்டாவதை நேராகப் பின்னோக்கி அழுத்திக்கொண்டே போங்கள். விரலின் முதல் கணுவில் சதைப்பற்றான இடம்தான் படவேண்டும்.

"இப்போ!" என்று நினைத்து இழுத்தால் கெட்டது. அழுத்தம் கூடிக்கொண்டே போய் அதுவாக விழவேண்டும். கை நிலைத்து ஆறேழு விநாடிக்குள் விழவில்லையென்றால் சுடாமல் இறக்கிவிடுங்கள். பார்வையும் மூச்சும் அதற்குமேல் ஒத்துழைக்காது. புதியவர்களுக்கு இதுதான் வராது. தூக்கியாயிற்று, சுட்டுத்தான் ஆகவேண்டும் என்று ஒரு பிடிவாதம். சுட்டபின்னும் ஓரிரு விநாடி சைட்டைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள். டிரிக்கர் விழுந்த நொடியில் சைட் எங்கே இருந்தது என்று சொல்ல முடிந்தால் அட்டையைப் பார்க்காமலே பாயிண்ட் தெரிந்துவிடும்.

படி 8: வெறும் சுவர், அப்புறம் வெள்ளை அட்டை, கடைசியில் டார்கெட்

இன்றைய பிஸ்டல்களில் காற்றை வீணாக்காமல் டிரிக்கரை மட்டும் அழுத்திப் பழக ஒரு வசதி இருக்கும். டிரை என்பார்கள். ஸ்பிரிங் பிஸ்டலில் பெல்லட் இல்லாமல் சுடவே கூடாது, பிஸ்டன் வெறுமையில் போய் மோதி உடையும். முதல் சில வாரம் வெள்ளைச் சுவரைப் பார்த்து டிரை மட்டும். சுவரில் குறி வைக்க எதுவுமில்லை என்பதால் கண் தானாக ஃப்ரண்ட் சைட்டுக்கு வரும். டிரிக்கர் விழும்போது சைட் துள்ளினால் உடனே காட்டிக்கொடுக்கும். இந்தக் கட்டம் சலிப்பாக இருக்கும்தான். ஆனால் இதைத் தாண்டிக் குதித்தவர்கள் எல்லாரும் பிறகு திரும்பி வந்து இங்கேயே நிற்பதைப் பார்க்கிறேன்.

அடுத்து டார்கெட் அட்டையைத் திருப்பி மாட்டி, வெள்ளைப் பின்பக்கத்தில் தட்டைத் தலைப் பெல்லட்டால் சுடுங்கள். தட்டைத் தலைதான் அட்டையை வட்டமாக வெட்டும், கூர்மூக்குப் பெல்லட் கிழித்துவிடும். பாயிண்ட் கிடையாது, ஓட்டைகள் ஒரு கொத்தாக விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். கொத்து சிறுத்து வந்ததும் அட்டையை நேராக்குங்கள். கொத்து இடப்பக்கம் விழுந்தால் ரியர் சைட்டை வலப்பக்கம் நகர்த்தவேண்டும். பெல்லட் எந்தப் பக்கம் போகவேண்டுமோ ரியர் சைட்டும் அந்தப் பக்கம். ஒரு ஷாட்டைப் பார்த்துத் திருகாதீர்கள், குறைந்தது ஐந்து ஷாட் கொத்தைப் பார்த்துத் திருகுங்கள்.

போட்டியில் 60 ஷாட், எலக்ட்ரானிக் டார்கெட்டில் 75 நிமிடம், அதற்கு முன் 15 நிமிடம் சரிபார்த்துக்கொள்ள. ஆரம்பத்தில் 60 ஷாட் சுடவே தோள் தாங்காது. 20, 30 என்று ஏற்றிக்கொண்டு போங்கள். நடுநடுவே உட்காருங்கள்.

படி 9: துடைப்பு

வெடிமருந்து இல்லாததால் குழாயை அடிக்கடி சுத்தம் செய்யவேண்டிய அவசியமில்லை. எப்போதாவது ஃபெல்ட் பெல்லட் (குழாயைத் துடைக்கும் கம்பளித் துண்டு) இரண்டு போட்டுச் சுட்டால் போதும். வெளி இரும்பைக் கடற்கரைப் பக்கத்து ஊர்களில் ஒவ்வொரு முறையும் துடைத்து மெல்லிய எண்ணெய் தடவுங்கள், வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் துரு தலைகாட்டும். ஸ்பிரிங் வகையின் காற்று அறைக்குள் சாதாரண எண்ணெய் போகக் கூடாது. அழுத்தச் சூட்டில் அது பற்றி எரிந்து சீலையும் கெடுக்கும். ஓ-ரிங்குகளுக்குச் சிலிகான் கிரீஸ். பெல்லட் ஈயம் என்பதால், ரேஞ்சிலிருந்து கிளம்பும்போது சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் கேன்டீன் பக்கம் போகவேண்டும்.