வெல்ஷ் நாட்டுப்புறக் குழுவைச் சின்ன அரங்கில் கேட்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

வேல்ஸில் நாட்டுப்புறக் குழுவைக் கேட்கப் போகிறவர்கள் பலர் மனத்துக்குள் அயர்லாந்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஃபிடில் (நாட்டுப்புற வயலின்), அக்கார்டியன், கிட்டார், கையில் பியர், அப்புறம் இரவு முழுக்கத் துள்ளல்தான் என்ற நினைப்பு. மேடையில் மூன்று பேர் உட்கார்ந்து, ஒருவர் செல்லோவை மெல்ல இழுக்க, மற்ற இருவரும் சர்ச் பாட்டுப் போல எதையோ தணிந்த குரலில் பாடினால், "எப்போது ஆரம்பிப்பார்கள்?" என்று பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்கிறார்கள். ஆரம்பித்து இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

ஜிக், ரீல் என்ற துள்ளலான ஆட்ட மெட்டுகள் எல்லாம் வேல்ஸிலும் உண்டு. ஆனால் இந்த இசை கடந்துவந்த பாதை வேறு. 18-ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபைகளின் சமய எழுச்சி பரவியபோது ஆட்டமும் ஃபிடிலும் பாவக் கணக்கில் சேர்ந்தன. காதால் கேட்டுக் கைமாறி வந்த மரபு பல ஊர்களில் அறுந்துபோனது. இன்றைய குழுக்கள் வாசிக்கும் மெட்டுகளில் கணிசமானவை பழைய கையெழுத்து நோட்டுகளிலிருந்து தேடி எடுத்தவை. ஜான் தாமஸ் என்ற ஃபிடில்காரர் 1752-இல் எழுதிவைத்த நோட்டில் மட்டும் 500-க்கு மேற்பட்ட மெட்டுகள் இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், ஆட்டத்தை அடக்கிய அதே சபைகள்தான் ஊர்மக்கள் எல்லாருக்கும் நான்கு குரலில் சேர்ந்து பாடக் கற்றுக்கொடுத்தன. அதனால்தான் இந்தப் பாட்டுகளில் சர்ச் வாசனை. வ்ரீ என்ற மூவர் குழு ஃபிடிலையும் சபைப் பாட்டையும் வேண்டுமென்றே ஒரே மேடையில் உட்கார வைக்கிறது. அங்கே போய்த் துள்ளலை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

துள்ளல் வேண்டும் என்றால் கலன் மாதிரிக் குழுவுக்குப் போங்கள். நைன் பாக் குழு 2015-இல் பிபிசி ரேடியோ 2 நாட்டுப்புற விருதுகளில் சிறந்த ஆல்பத்துக்கான பரிசு வாங்கியது. அவர்களுடையது இருட்டில் உட்கார்ந்து கேட்கிற இசை. 1976-இல் தொடங்கிய ஆர் லோக் குழுவின் சாயல் இரண்டிலும் சேராது. டிக்கெட் எடுக்கும் முன் இரண்டு பாட்டாவது கேட்டுப் பாருங்கள். "வெல்ஷ் ஃபோக்" என்று போஸ்டரில் போட்டிருப்பதை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

அடுத்தது ஹார்ப் என்ற பெரிய யாழ். மேடையில் மூவரிசை ஹார்ப் இருந்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயருக்கேற்றபடி தந்திகள் மூன்று வரிசையாக ஓடும். வெளி வரிசைகள் இரண்டும் ஒரே சுரங்கள். இடைச்சுரங்கள் (பியானோவின் கறுப்புக் கட்டைகள் போல) நடு வரிசையில். அதைத் தொட வேண்டுமானால் வெளித் தந்திகளுக்கு இடையே விரலை நுழைக்க வேண்டும். ஒரே சுரத்தை இரண்டு கையும் மாறி மாறி மீட்டும்போது ஒரு மினுமினுப்பு எழும். பெரிய அரங்கில் ஒலிபெருக்கி வழியாக வரும்போது அது பாதி காணாமல் போய்விடும். பத்தடி தூரத்தில் உட்கார்ந்தால்தான் கிடைக்கும். விரல் தெரிகிற பக்கமாகப் பார்த்து இடம் பிடியுங்கள். இந்த ஹார்ப்பைப் பழைய முறையில் இடது தோளில் சாய்த்து வாசிப்பார்கள், அதனால் வழக்கமாக நீங்கள் கணக்குப் போடும் பக்கம் தவறாகப் போகலாம்.

இதில் தொண்ணூறுக்கு மேல் தந்திகள். சின்ன அறையில் கூட்டம் சேரச் சேரச் சூடு ஏறும், தந்தி இறங்கும். எனவே பாட்டுக்குப் பாட்டு சுருதி சேர்க்கத்தான் செய்வார்கள். அந்த இரண்டு நிமிடத்தை இடைவேளை என்று எடுத்துக்கொண்டு சத்தமாகப் பேச ஆரம்பிப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கிற தவறு. சுருதி சேர்ப்பவருக்கு அவருடைய தந்தியே காதில் விழாது. அந்த நேரத்தில் இன்னொரு கலைஞர் பாட்டின் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார், அதுவும் போய்விடும். பல சமயம் அந்தக் கதைதான் அன்றைக்குக் கிடைக்கிற நல்ல சரக்கு. உதாரணத்துக்கு, இந்த மூவரிசை ஹார்ப் பிழைத்து வந்ததில் ஆபிரகாம் வுட் வழிவந்த ரோமானி (ஐரோப்பிய நாடோடி இன) குடும்பங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வழியில் வந்த எல்ட்ரா ஜார்மன் என்ற அம்மையாரிடமிருந்துதான் ஹார்ப் கலைஞர் ராபின் ஹியூ போவன் ரோமானி மெட்டுகளைக் கற்றார். இதையெல்லாம் மேடையிலிருந்து நேரடியாகக் கேட்கலாம், நாம் வாயை மூடிக்கொண்டிருந்தால்.

ஹார்ப்போடு பாடும் ‘கெர்த் தாண்ட்’ என்ற முறை வந்தால் இன்னொரு குழப்பம். ஹார்ப் ஒரு மெட்டை வாசிக்கும். பாடகர் சும்மா நிற்பார். சற்றுப் பொறுத்து வேறொரு மெட்டில் நுழைவார். எடுப்பைத் தவறவிட்டுவிட்டார், பாவம் என்று தோன்றும். பாடுபவரை வயலின் நிழல்போலத் தொடரும் கச்சேரியில் பழகிய காதுக்கு இது கோளாறாகவே படும். முறையே அதுதான். இரண்டு மெட்டும் தனித்தனியாக ஓடிக் கடைசியில் ஒன்றாக முடிய வேண்டும். முடிகிற அந்த இடத்தைக் கவனியுங்கள்.

கைதட்டல் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வெல்ஷ் கட்டைக்காலணி ஆட்டம் தனி ஆள் ஆட்டம். ஆடுபவர் ஒரு மரப்பலகையைத் தூக்கிவந்து தரையில் போடுவார், சில இடங்களில் அதன் ஓரத்தில் ஒரு மைக்கும் வைப்பார்கள். மர அடி வைத்த காலணி பலகையில் படும் ஓசைதான் அங்கே தாள வாத்தியம். குதிகால் ஒரு ஒலி, நுனி ஒரு ஒலி, இரண்டு காலையும் உரசினால் மூன்றாவது. கீழே குந்தியபடி காலை வீசுவார்கள், துடைப்பத்தைத் தாண்டிக் குதிப்பார்கள், தரையில் எரிகிற மெழுகுவத்தியைக் காலணியாலேயே அணைப்பவர்களும் உண்டு. ஆடுபவர் பலகையில் ஏறியதுமே உற்சாகத்தில் கூட்டம் தாளம் தட்டத் தொடங்கினால் போச்சு. அந்த நுணுக்கம் எதுவும் கேட்காது, போதாக்குறைக்குக் கூட்டத்தின் கை மெல்ல மெல்ல வேகமெடுத்து ஆடுபவரையும் இழுத்துக்கொண்டு போகும். ஆடுபவரோ குழுவோ கையைத் தூக்கி அழைத்தால் தட்டுங்கள். இல்லாவிட்டால் முடிந்தபின் ஆசை தீரத் தட்டலாம். இன்னொன்று, சின்ன அரங்குகளில் மேடை முழங்கால் உயரம்கூட இருக்காது. நான்காவது வரிசையில் உட்கார்ந்தால் ஆட்டக்காரரின் இடுப்புக்கு மேலேதான் தெரியும். காலைப் பார்க்க வேண்டுமானால் முன்வரிசை அல்லது ஓரத்தில் நிற்பது. அதற்குச் சீக்கிரம் வர வேண்டும். இருக்கை எண் கிடையாத இடங்களே அதிகம்.

மொழி புரியவில்லை என்று போகாமல் இருப்பது ஒரு தவறு என்றால், போய் உட்கார்ந்து "இங்கிலீஷில் சொல்லுங்கள்" என்று குரல் கொடுப்பது அதைவிடப் பெரிய தவறு. 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸில் வெல்ஷ் பேசுகிறவர்கள் 17.8 சதவீதம். தலைநகர் கார்டிஃபில் ஏறத்தாழ 12, வடமேற்கே குவினெத் மாவட்டத்தில் 64. ஆகவே கார்டிஃப் மேடையில் பெரும்பாலும் இரண்டு மொழியிலும் பேசுவார்கள். குவினெத்தில் இருக்கும் பெதெஸ்டாவின் ஓக்வென் மன்றத்தில் முழுக்க வெல்ஷாகவே ஓடினாலும் ஆச்சரியமில்லை, அது அவர்கள் ஊர். இடைவேளையில் பக்கத்தில் இருப்பவரிடம் "அந்தப் பாட்டு எதைப் பற்றி?" என்று கேட்டுப் பாருங்கள், ஆர்வமாகச் சொல்வார்கள். காதலிக்குப் பறவையைத் தூது அனுப்பும் பாட்டு, கிளாமோர்கன் பக்கம் உழவு மாடுகளுக்குப் பாடிய பாட்டு, சுரங்கத்தில் உயிர்விட்டவர்களைப் பற்றிய பாட்டு என்று வரும். நன்றி சொல்ல "டியோல்ஹ்" போதும்.

கூடப் பாடத் தயங்க வேண்டாம். பல்லவி திரும்ப வரும்போது அரங்கமே பாடும், அதுவும் ஆளுக்கொரு குரலாகப் பிரிந்து. சொல் தெரியாவிட்டால் முனகுங்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் ரக்பி மைதானத்தில் கேட்ட துதிப்பாடலைப் பாடச் சொல்லி நடுவில் கத்தாதீர்கள். குழுவினர் சிரித்துச் சமாளிப்பார்கள், உள்ளுக்குள் என்ன நினைப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

போனைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அறுபது பேர் இருக்கும் இருட்டறையில் உங்கள் திரை ஒன்றுதான் விளக்கு.

கிறிஸ்துமஸ், புத்தாண்டை ஒட்டிப் போனால் ஒரு எச்சரிக்கை. வெள்ளைத் துணி போர்த்திய குதிரை மண்டையோடு ஒன்று, ரிப்பன் கட்டிக்கொண்டு, தாடையை டக் டக்கென்று அடித்தபடி கூட்டத்துக்குள் வரலாம். மாரி லூய்ட் என்பது அதன் பெயர். வீட்டு வாசலில் நின்று பாட்டுக்குப் பாட்டு போட்டியிட்டு உள்ளே நுழையும் பழைய குளிர்கால வழக்கம். உங்கள் தொப்பியைக் கவ்வினால் கொடுத்துவிடுங்கள், திரும்பி வரும்.

அரங்குக்கு அரங்கு நடப்பு மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. கார்டிஃபில் 1983-இல் தொடங்கிய கிளப் ஈவோர் பாக் நின்று கேட்கிற இடம், கொஞ்சம் இரைச்சல் அங்கே சகஜம். (1158-இல் கார்டிஃப் கோட்டைச் சுவரேறி உள்ளே இருந்த பிரபுவைக் குடும்பத்தோடு தூக்கிச் சென்றவரின் பெயர் அது. கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது.) குவினெத்திலேயே உள்ள டோல்கெத்லாய் என்ற சிற்றூரில் நாட்டுப்புற இசைக்கென்றே அமைந்த டீ ஷாமஸில் அந்தப் பழக்கத்தைக் காட்டினால் முறைப்பார்கள். அங்கே போகிறவர்கள் திரும்பும் வழியை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். டோல்கெத்லாய்க்கு 1965-இலிருந்து ரயில் இல்லை. பெதெஸ்டாவுக்குப் பக்கத்து ஸ்டேஷன் பாங்கர். கடைசிப் பஸ்ஸை நம்பிப் போனால் இரண்டாம் பாதியைப் பார்க்காமலே எழுந்து ஓட வேண்டும், குழுக்கள் நல்ல அயிட்டத்தை அங்கேதான் வைத்திருப்பார்கள். தங்க ஓர் அறை போட்டுவிடுவது நல்லது.

தங்கினால் இன்னொரு லாபமும் உண்டு. நிகழ்ச்சி முடிந்ததும் சில இரவுகளில் கலைஞர்கள் பக்கத்துப் பப்பில் வட்டமாக உட்கார்ந்து மறுபடி வாசிக்கத் தொடங்குவார்கள். டிக்கெட் கிடையாது. வாத்தியம் இல்லாமல் அந்த வட்டத்து நாற்காலியில் போய் உட்காராதீர்கள், வாசிக்க வருகிற அடுத்த ஆளுக்கானது அது. கையில் வாத்தியம் இருந்தாலும் இரண்டு மெட்டு கேட்டுவிட்டு, "சேரலாமா?" என்று கண்ணாலாவது கேட்டுவிட்டு எடுங்கள். சிடி வாங்க நினைத்தால் அதற்கு முன்பே, மேசையை மூட்டை கட்டும் முன் வாங்கிவிடுங்கள். உள்ளே பாட்டுகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு பெரும்பாலும் இருக்கும்.