பார்த்த சீரிஸைப் பற்றிச் சொல்லும்போது செய்யும் தவறுகள்

ராமேஸ்வரம் தீவில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும்: திங்கள், புதன், சனி. காலையில் மீன்வளத் துறையிடம் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு போனால் மறுநாள் காலையில்தான் கரை. நடுக்கடலில் போனுக்கு சிக்னல் கிடையாது. என் தம்பி அப்படி ஒரு சனிக்கிழமை போனான். அந்த வாரம் முழுக்க எட்டு எபிசோடு உள்ள ஒரு கொலைக் கதையை நானும் அவனும் சேர்ந்து பார்த்துக்கொண்டு வந்தோம். ஆறு முடிந்திருந்தது. மிச்ச இரண்டையும் ஞாயிறு ராத்திரி பார்ப்பதாகப் பேச்சு.

ஞாயிறு காலை மீனை இறக்கிவிட்டுப் பெட்டி கழுவிக்கொண்டிருந்தவனிடம், டீ குடிக்க வந்த ஒருவர், "என்ன தம்பி, அந்த வாத்தியார்தான் செஞ்சிருப்பார்னு நெனச்சியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். தம்பி அந்த இரண்டு எபிசோடை இன்றுவரை பார்க்கவில்லை. கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பார்த்ததைப் பேச ஆள் தேடியிருக்கிறார். அவ்வளவுதான். ஆனாலும் ஆறு ராத்திரி சேர்த்து வைத்த ஆவல் ஒரு வரியில் போய்விட்டது.

முடிவைச் சொல்லிவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிற தவறுதான். எங்கள் கரையில் அது கூடுதலாக வலிக்கும், ஏனென்றால் இங்கே வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் டிவி முன்னால் உட்கார முடியாது. கீழக்கரையில் என் தோழியின் வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். நமக்கு இரவு 9 மணி என்றால் அங்கே 6.30. அவர் வேலை முடிந்து அறைக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு ஆப்பில் போடும்போது நமக்கு நடுச்சாமம். அதற்குள் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் அன்றைய காட்சியை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருப்பார்கள். அன்றைக்கு நடந்ததைக் குரல் பதிவில் கொட்டுகிற பழக்கத்தைத் தோழி விட்டுவிட்டாள். இப்போது, "நீங்க பாத்துட்டு கூப்பிடுங்க மச்சான், நான் முழிச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்கிறாள்.

ஆகவே வாயைத் திறக்கும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "எத்தனாவது எபிசோடு வரைக்கும் பாத்திருக்கீங்க?" பதில் நான்கு என்றால் நான்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இதிலும் ஒரு நுட்பமான தவறு உண்டு. "நான் கதையைச் சொல்லல, ஆனா கடைசியில பெரிய திருப்பம் இருக்கு" என்பார்கள். அதுவும் கதையைச் சொன்னதுதான். திருப்பம் வரும் என்று தெரிந்தவர் ஒவ்வொரு ஆளையும் சந்தேகத்தோடு பார்ப்பார். கதை காட்டுகிற திசையில் அவர் கண் போகாது. "அந்த அக்கா மேல ஒரு கண்ணு வச்சுக்க" என்பது இன்னும் மோசம்.

அப்படியானால் எதைத்தான் சொல்வது? முதல் எபிசோடில் வருவதைத் தாராளமாகச் சொல்லலாம். 'சுழல்' வெப் சீரிஸின் முதல் பருவத்தைச் சொல்வதென்றால், சாம்பலூர் என்ற ஊரில் சிமென்ட் ஆலை தீப்பிடிக்கிறது, தொழிற்சங்கத் தலைவரின் மகள் காணாமல் போகிறாள், ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கிறது. இது போதும். கேட்பவருக்குப் பார்க்கத் தோன்றும், எதுவும் கெடாது.

இரண்டாவது தவறு எங்கள் ஊருக்கே உரியது. கடல் வருகிற கதை எதுவானாலும், "இது நம்ம கடல் மாதிரி இல்ல" என்று ஒதுக்கிவிடுகிறோம். 2025 பிப்ரவரியில் 'சுழல்' இரண்டாம் பருவம் வந்தபோது எங்கள் தெருவிலேயே அதைக் கேட்டேன். அந்தக் கதை நடக்கும் காளிபட்டணமும் அங்கே நடக்கும் அஷ்டகாளி திருவிழாவும் கற்பனை. பாம்பனையோ ஏர்வாடியையோ காட்டுவதாக அவர்கள் சொல்லவே இல்லை. இல்லாத ஊரை எங்கள் ஊரோடு ஒப்பிட்டுக் குறை சொன்னால் அது நியாயமாகாது.

ஆனால் கதை இன்ன ஊர் என்று பெயர் சொல்லி இந்தக் கரையில் நடந்தால், நாம் சொல்கிற குறைக்கு மதிப்பு உண்டு. வெளியூர்க்காரர் யாரும் அதைக் கவனித்துச் சொல்ல மாட்டார்கள். அப்போதும் பொத்தாம்பொதுவாகச் சொல்லக்கூடாது. எங்களுக்கு வடகடல் வேறு, தென்கடல் வேறு. பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நேர்மாறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குள் இறங்காது. ஒரு தொடரில் மே மாதம் என்று காட்டிவிட்டு விசைப்படகு மீனோடு வருவதாக வைத்தால், "மே மாசம் தடைக்காலம், அப்ப விசைப்படகு வராது" என்று சொல்லுங்கள். கேட்பவர் ஒன்றைக் கற்றுக்கொள்வார். "ஒண்ணுமே தெரியாம எடுத்திருக்கான்" என்றால் அவருக்கு எதுவும் கிடைக்காது. பேச்சு வழக்குக்கும் இதே கதிதான். எந்தச் சொல் தப்பு, நாம் அதை எப்படிச் சொல்வோம் என்று ஒன்றைக் காட்டினால்தான் அது கருத்து.

மண்பாசம் எதிர்ப்பக்கமும் இழுக்கும். 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று இறந்தார். அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார், எங்கள் மாவட்டத்துப் பெருநாழிக்காரர். "அவரு மாதிரி இவரு இல்ல" என்று முதல் நாளே தீர்ப்புச் சொன்னவர்கள் பாதி, "நம்ம ஆளு, சூப்பர்" என்று பார்க்காமலே சொன்னவர்கள் மீதி. இரண்டு பக்கமும் நடிப்பைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. வேறொருவர் ஒன்றரை வருடம் வாழ்ந்த பாத்திரத்தில் நுழைகிறவருக்கு இரண்டு வாரமாவது கொடுத்துப் பார்த்துவிட்டுப் பேசுவதுதான் முறை.

மெகா தொடரை எட்டு எபிசோடு வெப் சீரிஸோடு வைத்து, "இழுக்குறாங்க" என்பதும் எனக்கு ஒப்பவில்லை. ஒன்று முழுக்க எழுதி, எடுத்து முடித்துவிட்டு வெளியிடுவது. மற்றொன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதப்படுவது, ரேட்டிங் பார்த்துக் கதை வளைவது. அதனால் மெகா தொடரைப் பற்றிச் சொல்லும்போது எந்தக் கட்டம் வரை பார்த்தோம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சீரியல் பார்க்கிற பெண்களை மட்டம் தட்டிப் பேசுவதை அடியோடு விட வேண்டும். விடிகாலையில் பாசி எடுக்கக் கடலுக்குள் இறங்கி, கல்லில் கால் கிழிபட்டுத் திரும்புகிறவள் ராத்திரி அரை மணி நேரம் எதைப் பார்க்கிறாள் என்பதற்கு யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ரீல்ஸில் நான்கு துண்டு பார்த்துவிட்டோ, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டோ கருத்துச் சொல்வது பொய்க்குச் சமம் என்றே நினைக்கிறேன். தமிழில் குரல் மாற்றி வரும் கொரியத் தொடரில் "நடிப்பு செயற்கை" என்று சொல்லும் முன், அது நடிகரின் குறையா, குரல் கொடுத்தவரின் குறையா என்று மூல மொழியில் ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். நல்ல சீரிஸ் ஒன்று சொல்லு என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். நான் ஒரு தொடரின் பெயரைச் சொன்னேன். யாரோடு பார்ப்பார் என்று கேட்கவில்லை. மாமியார், எட்டாவது படிக்கும் மகள், எல்லாரும் உட்கார்ந்திருக்க, முதல் எபிசோடிலேயே அணைக்க வேண்டியதாகிவிட்டது. மத்திய அரசின் 2021 விதிகளுக்குப் பிறகு ஓடிடி தொடர்களில் 7+, 13+, 16+, 'ஏ' என்று வயது போட்டே வருகிறது. அதைப் பார்த்துச் சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகியிருக்காது.

பிறகு அவருக்கு 'அயலி' என்ற வெப் சீரிஸைச் சொன்னேன். 1990இல் ஒரு கிராமம், வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பள்ளி கிடையாது, டாக்டராக நினைக்கும் ஒரு பிள்ளை தான் வயதுக்கு வந்ததை மறைக்கிறாள். இதைப் பற்றிப் பேசும்போது "நல்ல மெசேஜ்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். செய்தி நல்லதாக இருப்பது வேறு, அதைச் சொன்ன விதம் நன்றாக இருப்பது வேறு. எந்தக் காட்சி, யார் முகம் என்று சொன்னால்தான் அது நம் சொந்தக் கருத்து.

என் மதினி எட்டாவதோடு பள்ளியை விட்டவர். போன தடைக்காலத்தில் 'அயலி'யைப் பார்த்து முடித்துவிட்டு வலைக்கு மணி கட்டிக்கொண்டிருந்தார். எப்படி இருந்தது என்று கேட்க வந்து, கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் புள்ளையோட அம்மா முகத்தைப் பாத்தியா?" என்றார். பாத்தேன் மதினி என்றேன். அன்றைக்கு இருட்டும் வரை மதினிதான் பேசினார்.