விடுமுறைக்குக் கிளம்புமுன் பதிவுகளுக்கு நேரம் குறித்து வையுங்கள்

பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புமுன், அந்த நாட்களுக்கான வலைப்பூப் பதிவுகளை எழுதி முடித்து, பிளாகரிலோ வேர்ட்பிரஸிலோ அவை வெளியாக வேண்டிய நாளையும் நேரத்தையும் குறித்து வைத்துவிடுங்கள். குறித்த நேரத்தில் பதிவை வெளியிடுவது தளம் இயங்கும் இணையக் கணினியான சர்வரே என்பதால், உங்கள் கணினி அணைந்திருந்தாலும், ஊரில் சிக்னல் கிடைக்காவிட்டாலும் அது வெளியாகிவிடும். ஆனால் அமைப்புகளில் இந்திய நேரம் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அமெரிக்கப் பசிபிக் நேரமாக இருந்தால், காலை 6 மணிக்கென்று குறித்த போகி வாழ்த்து நம் நேரப்படி இரவு 7.30 மணிக்குத்தான், அதாவது போகி எரிந்து சாம்பலான பிறகுதான், வெளிவரும். சொந்தமாக நிறுவிய வேர்ட்பிரஸ் பொதுவாக யாராவது தளத்துக்கு வரும்போதுதான் நேரத்தைச் சரிபார்க்கும் என்பதால், வாசகர் வரத்து குறைந்த தளங்களில் பதிவு தாமதமாகலாம். அன்றன்றைய செய்தியைச் சார்ந்த பதிவுகளுக்கு இம்முறை பொருந்தாது.