1899-ஆம் ஆண்டுக் கேலிச்சித்திரம் ஒன்றை வாசிப்பது எப்படி: அமெரிக்க விரிவாக்கமும் சீர்திருத்தமும் ஒரே பாடமாக

அமெரிக்கா கடல் கடந்து நாடு பிடித்ததும், அதே ஆண்டுகளில் உள்நாட்டில் சீர்திருத்த இயக்கம் எழுந்ததும் பாடப்புத்தகங்களில் தனித்தனி அத்தியாயங்கள். மாணவர்களும் அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள்: ஒரு பக்கம் பிலிப்பைன்ஸ், கியூபா, மறுபக்கம் எண்ணெய் ஏகபோகமான ஸ்டாண்டர்ட் ஆயில், அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட். இரண்டையும் நடத்தியவர்களில் பலர் ஒரே ஆட்கள் என்பது அவர்களுக்குப் பிடிபடுவதில்லை. அதை இரண்டு பாடவேளையில் புரியவைக்க, அக்கால வார இதழ்களின் கேலிச்சித்திரங்களே போதும். ஆனால் படத்தைத் திரையில் போட்டுவிட்டு "என்ன தெரிகிறது?" என்று கேட்டால், "அங்கிள் சாம் தெரிகிறார் சார்" (அமெரிக்காவைக் குறிக்கும் தாடிக்காரர்) என்பதோடு வகுப்பு படுத்துவிடும். படிப்படியாகப் போக வேண்டும்.

எந்தப் படம், எந்தப் பிரதி

தொடங்குவதற்குச் சரியான படம் 'ஸ்கூல் பிகின்ஸ்'. 'பக்' என்ற அமெரிக்க நகைச்சுவை வார இதழில், 1899 ஜனவரி 25 அன்று, நடுப்பக்கத்தில் இரண்டு பக்க அகலத்துக்கு வண்ணத்தில் வந்தது. வரைந்தவர் லூயிஸ் டால்ரிம்பிள். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது; அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இதழின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். ஊர்ப்பெயர்களை அக்கால எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும்: இன்றைய புவேர்ட்டோ ரிக்கோவை அமெரிக்க ஆவணங்கள் 1932 வரை 'போர்ட்டோ ரிக்கோ' என்றே எழுதின.

கூகுளில் முதலில் வரும் சிறிய படத்தை எடுக்காதீர்கள். பல பிரதிகளில் அடிக்குறிப்பு வெட்டப்பட்டிருக்கும், கரும்பலகையில் உள்ள எழுத்து வெறும் கறையாகத் தெரியும். இந்தப் படத்தின் உயிரே அந்த இரண்டு இடங்களில்தான் இருக்கிறது. நூலகம் தரும் பெரிய 'டிஃப்' கோப்பை இறக்குங்கள். ஏ3 தாளில் தெளிவாக அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், நீளவாக்கில் ஏறக்குறைய 4,960 பிக்சலும் அகலவாக்கில் 3,500 பிக்சலும் வேண்டும். அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். ஆறு மாணவர்களுக்கு ஒரு ஏ3 தாள் போதும். திரையில் காட்டுவதாக இருந்தால் முழுப் படத்தோடு கரும்பலகை, முன்வரிசை, பின்வரிசை, இடது ஓரம், வாசல் என ஐந்து துண்டுகளையும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பத்து நிமிடம்: கணக்கெடுப்பு மட்டும்

விளக்கம், கருத்து, கண்டனம் எதுவும் வேண்டாம். கண்ணில் படுவதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார், யார் கையில் என்ன, எங்கெங்கே எழுத்து இருக்கிறது. இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால், முதல் பெஞ்சில் உள்ள ஒருவன் "இது ஏகாதிபத்தியம்" என்று சொல்லிவிடுவான். மற்றவர்கள் பார்ப்பதையே நிறுத்திவிடுவார்கள்.

பட்டியல் இப்படி வர வேண்டும். மேசைக்குப் பின்னால் ஆசிரியராக அங்கிள் சாம். மேசைமேல் ஒரு புத்தகம்: தன்னாட்சிக்கான முதல் பாடங்கள். முன்வரிசையில் நான்கு புதுப் பிள்ளைகள், முகம் சுளித்தபடி: பிலிப்பைன்ஸ், ஹவாய், போர்ட்டோ ரிக்கோ, கியூபா. பின்னால் சமர்த்தாகப் புத்தகம் வைத்திருக்கும் மூத்த பிள்ளைகள்: கலிஃபோர்னியா, டெக்சஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா, அலாஸ்கா. பெரும்பாலோர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஓரங்களுக்குப் போகச் சொல்லுங்கள். இடது கோடியில் ஒரு கறுப்பினச் சிறுவன் ஜன்னல் துடைக்கிறான். அவனுக்கு இருக்கை இல்லை. பூர்வகுடிச் சிறுவன் தனியே உட்கார்ந்து அரிச்சுவடியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான். சீனச் சிறுவன் வாசலுக்கு வெளியே நிற்கிறான்.

இந்த மூவரும் அலங்காரத்துக்கு வரையப்பட்டவர்கள் அல்ல. ரயிலில் கறுப்பினத்தவரைத் தனிப் பெட்டிகளில் அடைப்பது சட்டப்படி சரி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1896-இல். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து "நாகரிகம்" கற்பிக்க கார்லைல் விடுதிப்பள்ளி திறக்கப்பட்டது 1879-இல். சீனத் தொழிலாளர் நுழையத் தடைச் சட்டம் 1882-இல். ஒவ்வொரு உருவத்துக்கும் பக்கத்தில் அந்த ஆண்டை எழுத வையுங்கள்.

தேதியை வைத்து வாசிப்பது

அடுத்து, படத்தின் தேதிக்கு முன்னும் பின்னும் நடந்ததை ஒரே வரிசையில் எழுதுங்கள். 1898 பிப்ரவரி 15, அப்போது ஸ்பெயின் ஆண்ட கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் அமெரிக்காவின் 'மெய்ன்' போர்க்கப்பல் வெடித்தது. ஏப்ரலில் ஸ்பெயினுடன் போர். கியூபாவை இணைத்துக்கொள்ள மாட்டோம் என்ற டெல்லர் திருத்தமும் அப்போதுதான். ஜூலை 7, ஹவாய் இணைப்பு. டிசம்பர் 10, பாரிஸ் உடன்படிக்கை. பிலிப்பைன்சுக்காக ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர். 1899 ஜனவரி 25, நம் படம். பிப்ரவரி 4, மணிலாவில் அமெரிக்கப் படைக்கும் பிலிப்பினோ படைக்கும் சண்டை வெடித்தது. பிப்ரவரி 6, செனட் 57-க்கு 27 என்ற வாக்கில் உடன்படிக்கையை ஏற்றது.

84 வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் 56. தேவைக்கு மேல் கிடைத்தது ஒரே ஒரு வாக்கு. ஆக, இந்தப் படம் வந்தபோது எதுவும் முடிவாகியிருக்கவில்லை, விவாதம் உச்சத்தில் இருந்தது. தேதியை விட்டுவிட்டுப் பார்ப்பவர்களுக்கு இது வெற்றிக் கொண்டாட்டமாகத் தெரியும். உண்மையில் இது ஒரு வாதப் பிரதி.

யாருக்கு எதிரான வாதம்? கரும்பலகையைப் பாருங்கள். ஆளப்படுவோரின் சம்மதம் கொள்கையளவில் நல்லது, ஆனால் நடைமுறையில் மிக அரிது. இங்கிலாந்து தன் காலனிகளைச் சம்மதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்டது. அதற்காகக் காத்திராததால் உலக நாகரிகத்தை முன்னேற்றியது. புதிய பகுதிகள் தம்மைத் தாமே ஆளும்வரை அமெரிக்காவும் அப்படியே ஆள வேண்டும். இங்கே நம் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்; அந்தக் காலனிகளில் நாமும் உண்டே. 'ஆளப்படுவோரின் சம்மதம்' என்பது 1776 சுதந்திரப் பிரகடனத்தின் தொடர். 1898-இல் பாஸ்டனில் தோன்றிய ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகம் அதைத்தான் ஆயுதமாக எடுத்திருந்தது. கரும்பலகை அவர்களுக்கான பதில்.

இந்தப் படம் ஏகாதிபத்தியத்தைக் கிண்டல் செய்கிறதா, ஆதரிக்கிறதா என்று ஒருவராவது கேட்பார். அடிக்குறிப்பை வாசிக்கச் சொல்லுங்கள். "பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கற்றே ஆக வேண்டும், மேல் வகுப்புப் பிள்ளைகளைப் பாருங்கள், கொஞ்ச நாளில் அவர்களைப் போல நீங்களும் இங்கே இருப்பதில் மகிழ்வீர்கள்" என்கிறார் அங்கிள் சாம். சிரித்துக்கொண்டே ஆதரிக்கும் படம் இது என்பதே எங்கள் வாசிப்பு. துணைச் சான்று வேண்டுமென்றால் அதே இதழின் 1900 செப்டம்பர் 5 படத்தை எடுங்கள். பருத்துவிட்ட அங்கிள் சாமுக்குத் தையற்காரராக அன்றைய அதிபர் மெக்கின்லி பெரிய உடுப்புக்கு அளவெடுக்கிறார். விரிவாக்க எதிர்ப்பாளர்கள் இளைக்க வைக்கும் மருந்தை நீட்டுகிறார்கள், அங்கிள் சாம் வேண்டாம் என்கிறார்.

வாக்குறுதியைச் சட்டத்தோடு உரசிப் பார்ப்பது

பாடத்தின் கனமான பகுதி இதுதான், அவசரப்படாதீர்கள். முன்வரிசைப் பிள்ளைகள் நாளை பின்வரிசைக்குப் போவார்கள் என்று படம் சொல்கிறது. போனார்களா? நான்கு நாடுகளுக்கும் நான்கு குழுக்கள் அமைத்து விடை தேடச் சொல்லுங்கள்.

ஹவாய் 1959-இல் மாநிலமானது. பிலிப்பைன்ஸ் நெடிய போருக்குப் பின் அமெரிக்க ஆட்சியில் இருந்து, 1946 ஜூலை 4 அன்று விடுதலை பெற்றது. கியூபாவை இணைக்கவில்லை, உண்மை. ஆனால் 1901-இன் பிளாட் திருத்தம் தலையிடும் உரிமையை அமெரிக்காவுக்குக் கொடுத்தது, அது 1934 வரை நீடித்தது. டெல்லரையும் பிளாட்டையும் மாற்றி எழுதுவது தேர்வுத்தாள்களில் மிக அதிகமாகக் காணும் பிழை. டெல்லர் போருக்கு முந்தைய வாக்குறுதி, பிளாட் போருக்குப் பிந்தைய நிபந்தனை.

புவேர்ட்டோ ரிக்கோவின் கதைதான் படத்தை முழுதாக உடைக்கிறது. அங்கிருந்து நியூயார்க்குக்கு வந்த ஆரஞ்சுப் பழங்களுக்குச் சுங்கவரி கேட்டார்கள். சொந்த நாட்டுக்குள் ஏது சுங்கம் என்று வணிகர் வழக்குப் போட்டார். 1901-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் வரி செல்லும் என்றது: தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனால் அரசியல் சாசனத்தின் பொருளில் அமெரிக்காவின் பகுதி அல்ல. 1917-இல் குடியுரிமை வந்தது. மாநிலமாக இன்றும் ஆகவில்லை. பின்வரிசையையும் விடாதீர்கள். படத்தில் பெருமையோடு உட்கார்ந்திருக்கும் நியூ மெக்சிகோவும் அரிசோனாவும் அப்போது மாநிலங்களே அல்ல; 1912 வரை காத்திருந்தன.

பள்ளி என்பது வெறும் உருவகமாக நிற்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். 1901 ஆகஸ்டில் 'தாமஸ்' என்ற படைக்கப்பல் சுமார் 500 அமெரிக்க ஆசிரியர்களை மணிலாவில் இறக்கியது.

சீர்திருத்தப் படத்தைப் பக்கத்தில் வைப்பது

இரண்டாம் பாடவேளைக்கு 1904 செப்டம்பர் 7 'பக்' இதழின் 'நெக்ஸ்ட்' படம். எண்ணெய்த் தொட்டியையே உடலாகக் கொண்ட ஆக்டோபஸ், ஸ்டாண்டர்ட் ஆயில். அதன் கைகள் எஃகு, செம்பு, கப்பல் தொழில்களையும் ஒரு மாநிலச் சட்டமன்றத்தையும் நாடாளுமன்றத்தையும் சுற்றியிருக்கின்றன. ஒரு கை வெள்ளை மாளிகையை நோக்கி நீள்கிறது. அது தேர்தல் ஆண்டு. வரைந்தவர் உடோ கெப்ளர். இவர் தந்தை ஜோசப் கெப்ளர்தான் இதழின் நிறுவனர், 1894-இல் இறந்தவர். மகனும் பிற்காலத்தில் தந்தையின் பெயரிலேயே கையெழுத்திட்டதால், 1904 படத்தைத் தந்தை வரைந்ததாகப் பல இடங்களில் போட்டிருப்பார்கள்.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்து ஒரே கேள்வி கேளுங்கள்: வலுவான அரசு இங்கே நல்லவனா, கெட்டவனா? இரண்டிலும் பதில் ஒன்றுதான்: நல்லவன். தீவுகளில் அரசு கண்டிப்பான ஆசிரியர். உள்நாட்டில் அது ஏகபோகத்தின் பிடியிலிருந்து மீட்கப்பட வேண்டிய கோட்டை. நிபுணர்களும் நல்ல நிர்வாகமும் இருந்தால் எதையும் சீர்படுத்தலாம் என்ற நம்பிக்கை இரண்டுக்கும் அடியில் ஓடுகிறது. 1906-இல் அரசு வழக்குத் தொடர்ந்து, 1911-இல் ஸ்டாண்டர்ட் ஆயில் 34 நிறுவனங்களாக உடைக்கப்பட்டது.

ஆட்களைக் காட்டினால்தான் இது ஒட்டும். இந்தியானாவின் செனட்டர் ஆல்பர்ட் பெவரிட்ஜ் 1898-இல் கொடி முன்னேறட்டும் என்று விரிவாக்கத்துக்காக முழங்கியவர். அவரே 1906-இன் இறைச்சி ஆய்வுச் சட்டத்துக்காகவும் குழந்தைத் தொழிலாளர் தடைக்காகவும் போராடினார். டாஃப்ட் பிலிப்பைன்சின் சிவில் ஆளுநர், பின்னர் ஏகபோகங்கள் மேல் வழக்குகளைக் குவித்த அதிபர். 'மெக்ளூர்ஸ்' மாத இதழைப் பாருங்கள்: 1899 பிப்ரவரியில் காலனி ஆட்சியைக் கடமையாகப் போற்றும் கிப்ளிங்கின் 'வெள்ளையனின் சுமை' கவிதையை வெளியிட்டது, 1902 நவம்பரில் பத்திரிகையாளர் ஐடா டார்பெல் ஸ்டாண்டர்ட் ஆயிலை அம்பலப்படுத்திய தொடரைத் தொடங்கியது.

ஆனால் "சீர்திருத்தவாதிகள் எல்லோரும் ஏகாதிபத்தியவாதிகள்" என்று எழுதினால் மதிப்பெண்ணை வெட்டுங்கள். சிகாகோவின் ஜேன் ஆடம்ஸ் குடியேறிகளுக்காகவும் தொழிலாளருக்காகவும் உழைத்தவர். ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகத்திலும் இருந்தார்.

எதிர்ப்புக்கும் ஒரு படம் வேண்டும். 'லைஃப்' இதழின் 1902 மே 22 அட்டையில், அமெரிக்கச் சிப்பாய்கள் ஒரு பிலிப்பினோவின் வாயில் தண்ணீரை ஊற்றிச் சித்திரவதை செய்கிறார்கள். பின்னால் ஐரோப்பியர்கள், "இந்தப் பக்திமான்கள் இனி நம்மேல் கல்லெறிய முடியாது" என்று சிரிக்கிறார்கள். இது அக்கால நகைச்சுவை வார இதழ். 1936-இல் தொடங்கிய புகைப்பட இதழான 'லைஃப்' வேறு. மாணவர்கள் மட்டுமல்ல, சில இணையதளங்களும் இங்கே தடுக்கி விழுகின்றன.

வேறு எங்கே சறுக்கும்

ஒரு படத்தை "அமெரிக்க மக்களின் கருத்து" என்று எழுதுவார்கள். அது ஓர் இதழின் கருத்து, அவ்வளவுதான். 'ஜட்ஜ்' குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்தது. 1899 ஏப்ரல் 1 அன்று அது வெளியிட்ட விக்டர் கில்லமின் படத்தில் ஜான் புல்லும் (இங்கிலாந்தைக் குறிக்கும் உருவம்) அங்கிள் சாமும் காலனி மக்களைக் கூடையில் சுமந்து மலையேறுகிறார்கள். அதை வாசிக்கும்போது இதழின் கட்சி முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது, இந்தப் படங்களின் இனவெறி. கேலி உருவங்களைப் பார்த்ததும் வகுப்பில் சிரிப்பு எழும். படத்தைக் காட்டும் முன்பே, அந்த உருவங்கள் எப்படி வரையப்பட்டிருக்கின்றன, யாரைக் குறிவைத்து என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளை அந்த வேடங்களில் நடிக்க வைக்கவே கூடாது.

எழுதச் சொல்லும்போது 250 சொற்கள் என்று வரம்பு வையுங்கள்: படத்தின் விவரிப்புக்கு 60, தேதியும் இதழும் 40, சட்டத்தோடு ஒப்பீடு 100, இரண்டாம் படத்தோடு இணைப்பு 50. வரம்பு இல்லையென்றால் 200 சொல் வரை அங்கிள் சாமின் தாடியைத்தான் விவரிப்பார்கள்.