நூறு பிரவுசரை வைத்து ஆடியோ கால் சர்வரைச் சோதிப்பது

ஹெட்லெஸ் குரோமை (திரையில் சாளரம் காட்டாமல் ஓடும் குரோம்) பப்பெட்டியர் அல்லது பிளேரைட் போன்ற, பிரவுசரைத் தானாக இயக்கும் கருவி மூலம் திறந்து, 'யூஸ்-ஃபேக்-டிவைஸ்-ஃபார்-மீடியா-ஸ்ட்ரீம்' கொடியைக் கொடுத்தால் மைக் இல்லாமலே ஆடியோ போகும். ஆனால் அது வெறும் பீப் சத்தம்தான், அதனால் 'யூஸ்-ஃபைல்-ஃபார்-ஃபேக்-ஆடியோ-கேப்சர்' வழியாக நிஜப் பேச்சு உள்ள வேவ் ஃபைலைக் கொடுங்கள். மைக் அனுமதி கேட்டு நிற்காமலிருக்க 'யூஸ்-ஃபேக்-யுஐ-ஃபார்-மீடியா-ஸ்ட்ரீம்' கொடியும் வேண்டும்.

முதலில் கணக்குப் போடுங்கள். ஆடியோவைச் சுருக்கி அனுப்பும் ஓபஸ் கோடெக் வழக்கமாக 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், அதாவது நொடிக்கு 50. ஒரே அறையில் 20 பேர் பேச, சர்வர் எல்லாருடையதையும் எல்லாருக்கும் அனுப்பினால் 380 ஸ்ட்ரீம், நொடிக்கு 19,000 பாக்கெட் வெளியே போக வேண்டும். அதே 20 பேரைப் பத்து இருவர் அறைகளாகப் பிரித்தால் வெறும் 20 ஸ்ட்ரீம்தான். அதனால் உங்கள் பயனர்கள் எப்படிக் கூடுவார்களோ அப்படியே அறைகளை அமையுங்கள்.

அப்புறம், பிரவுசர்களை டாக்கர் கன்டெய்னரில் ஓட்டினால் பகிர்வு நினைவகம் இயல்பாக 64 எம்பிதான், குரோம் சட்டென்று விழும், அதைக் கூட்டிவிடுங்கள்.

பிரவுசர் காலின் புள்ளிவிவரம் தரும் கெட்ஸ்டாட்ஸில் பாக்கெட் இழப்பு, ஜிட்டர் (பாக்கெட் வரும் இடைவெளி ஏறி இறங்குவது) இரண்டோடு 'கன்சீல்டு சாம்பிள்ஸ்' (வராத ஒலிக்குப் பதில் பிரவுசர் தானே நிரப்பியது) எண்ணையும் பாருங்கள், காதுக்குக் கேட்கும் கெடுதலுக்கு அதுதான் நெருக்கம். எண்கள் மோசமானால் சர்வரைக் குறை சொல்லும் முன் பிரவுசர் ஓடும் மெஷினின் சிபியூவைப் பாருங்கள், அது திணறினாலும் இதே அறிகுறிதான் தெரியும்.