சிறு மேடை விளக்கின் ஒளிவட்டத்தை அகலமாக்க

25 பாகை அளவில் குவியும் எல்இடி பார் (PAR) வகை மேடை விளக்கு, 2 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 90 செ.மீ. வட்டத்தையே தரும் என்பதால், தாழ்ந்த கூரையுள்ள சிறு மேடைகளில் நடிகர் ஓரடி நகர்ந்தாலும் இருளுக்குள் போய்விடுகிறார். புதிய விளக்கு வாங்குவதற்கு முன், வண்ணத்தாள் செருகும் சட்டத்தில் விளக்குத் தாள்கள் தயாரிக்கும் லீ நிறுவனத்தின் 250 எண்ணுள்ள டிஃப்யூஷன் தாளை, அதாவது ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் தாளை, வெட்டிப் பொருத்திப் பார்க்கலாம். 216 எண்ணுள்ளது வட்டத்தின் விளிம்பையே கரைத்துவிடும், ஆயினும் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும் என்பதால் சிறு விளக்குகளுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒளி பக்கவாட்டில் மட்டும் பரவினால் போதும் என்றால், 228 எண்ணுள்ள தாளை அதன் கோடுகள் செங்குத்தாக நிற்குமாறு செருகுவதே சிறந்தது. முகப்பு சூடேறாத எல்இடி விளக்குக்கு, ஒத்திகையின்போது, சாதாரண டிரேசிங் தாளே போதுமானது. ஹாலஜன் விளக்கில் அது தீப்பற்றக்கூடும்.